கிளேஸ் வழிகிறது, ஆனால் ஓட்டம் தெரியவில்லை: சாடியில் அசைவும் முரணும் கொண்டுவருவது எப்படி?

வாவிக்கரை · கல்லடி

வணக்கம். கொஞ்ச நாளாக ஒரே வடிவப் பூச்சாடிகளை வனைந்து வருகிறேன். ஓரடி உயரம், அகன்ற தோள், ஒடுங்கிய கழுத்து. ஸ்டோன்வேர் களி, அதாவது கடும் சூட்டில் கல் போல இறுகும் களி, கரண்ட் சூளை, 1220 பாகை. சாடி முழுவதையும் வெள்ளைக் கிளேஸில் (சூளையில் உருகிக் கண்ணாடியாகப் படியும் பூச்சு) முக்கி எடுத்து, தோளுக்கு மேலே நீலக் கிளேஸை ஊற்றுகிறேன். நீலம் நன்றாகவே வழிகிறது. ஆனால் சூளையைத் திறந்தால் மேலே கடும் நீலம், நடுவில் மங்கல், கீழே பால் நிறம், அவ்வளவுதான். பளபளப்புக்குக் குறைவில்லை. வாங்குகிறவர்களும் வாங்குகிறார்கள். எனக்குத்தான் திருப்தி இல்லை. கண் எந்த இடத்திலும் நிற்பதுமில்லை, எங்கேயும் இழுபடுவதுமில்லை.

கிளேஸ் கோடு கோடாக இறங்க வேண்டும், ஓரிடத்தில் தயங்க வேண்டும், அங்கே தடித்து நிறம் மாற வேண்டும். இது ஒருகாலம் உருகி ஓடிய பொருள் என்பது சாடியைக் கையில் எடுக்கிறவருக்குத் தெரிய வேண்டும். இதற்குக் கிளேஸை மாற்றுவதா, பூசும் முறையை மாற்றுவதா, சுடுவதை மாற்றுவதா? படங்களும் போட்டிருக்கிறேன்.

சக்கரத்தடி · அம்பாறை

மகள், படங்களைப் பார்த்தேன். வனைவு சுத்தம். சிக்கலும் அதிலேதான். கழுத்திலிருந்து அடிவரை வழுவழுவென்று ஒரே தோல். அதன் மேல் இரண்டு கிளேஸ், இரண்டும் ஒரே மாதிரி மினுங்குகின்றன, ஒரே மாதிரி இளகுகின்றன. இரண்டும் சேர்ந்து ஓடினால் எது ஓடுகிறது என்று எப்படித் தெரியும்?

மாரியில் முகத்துவாரம் வெட்டிவிடும்போது போய்ப் பார்த்திருப்பீர்கள். வாவிக்குள்ளே தண்ணீர் ஓடுவதாகவே தெரியாது. கடலுக்குள் இறங்கி, கலங்கலும் நீலமும் முட்டுகிற அந்தக் கோட்டில்தான் வேகம் கண்ணுக்குப் படும். ஆகவே நீலத்தை இன்னும் இளக்கப் போகாதீர்கள். அதற்குப் பக்கத்தில் நகராத ஏதாவது ஒன்றைக் கொண்டு வாருங்கள். இறுகிய கிளேஸாக இருக்கலாம், வெறும் மண்ணாக இருக்கலாம், ஒரு கீறலாகவும் இருக்கலாம்.

உமிச்சாம்பல் · சம்மாந்துறை

சேர் சொன்ன இறுகிய கிளேஸுக்கான பொருள் எங்கள் பக்கத்து மில்களுக்குப் பின்னால் குவிந்து கிடக்கிறது. நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமி. உமியை எரித்தால் அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். ஆயிரம் கிலோ நெல்லுக்கு நாற்பது கிலோ என்று வையுங்கள். அந்தச் சாம்பலில் பெரும்பாலும் நூற்றுக்கு 85 முதல் 95 பங்கு வரை சிலிக்கா. விறகுச் சாம்பல் இதற்கு நேரெதிர். அதில் கல்சியம் கூட, கிளேஸை இளக்கி ஓட வைக்கும். இரண்டையும் சாம்பல் என்ற ஒரே வாளியில் போட்டுவிட்டால் கதை கெட்டது.

ஜப்பான்காரர்கள் நுகா என்று ஒரு வெள்ளைக் கிளேஸ் செய்கிறார்கள். உமிச் சாம்பல் அல்லது வைக்கோல் சாம்பல் ஒரு பங்கு, விறகுச் சாம்பல் ஒரு பங்கு, பெல்ஸ்பார் கல்மா ஒரு பங்கு. இது பழைய அடிப்படைக் கணக்கு. தயிர் மாதிரி வெள்ளையாகத் தடித்து நிற்கும். தனியே போட்டால் அமைதியான கிளேஸ். இரும்பு கூடிய கறுப்புக் கிளேஸின் மேல் போட்டால்தான் வேடிக்கை: கீழே இருப்பது இளகி இறங்கும்போது மேலே இருக்கிற வெள்ளை உடைந்து, நீலச் சாயலான நரம்பு நரம்பாக இழுபடும்.

ஆனால் அந்தக் கணக்கு 1280, 1300 பாகைக்குரியது. 1220இல் சுடுகிறவர்கள் போரோன் உள்ள பிரிட், அதாவது முன்பே உருக்கி அரைத்த கண்ணாடித் தூள், சேர்க்க வேண்டும். எவ்வளவு என்று நான் சொல்ல மாட்டேன். நூற்றுக்கு 10, 15, 20, 25 என்று வரிசையாகக் கலந்து பரிசோதனை ஓட்டில் பூசிப் பாருங்கள். உங்கள் விறகுச் சாம்பல் சவுக்கா, தென்னையா, வேம்பா என்பதைப் பொறுத்து ஆளுக்கு ஆள் மாறும்.

வாவிக்கரை · கல்லடி

நானா, மில்லில் கிடைக்கிற சாம்பல் கறுப்பாக அல்லவா இருக்கிறது? அப்படியே போடலாமா?

உமிச்சாம்பல் · சம்மாந்துறை

கறுப்பு என்பது எரியாமல் மிஞ்சின கரி. அப்படியே போட்டால் வாளியில் மிதக்கும், பூசும்போது திட்டுத் திட்டாக ஒட்டும். கிளேஸ் போடாத ஒரு சட்டியில் தளர்வாக நிரப்பி, முதல் சுடலோடு சேர்த்து 900 பாகைக்கு மேல் சுட்டு எடுங்கள். சாம்பல் நிறமோ வெள்ளையோ ஆகிவிடும். அப்புறம் தண்ணீர் விட்டு அரைத்து 80ஆம் இலக்க அரிதட்டில் வடித்தால் போதும்.

ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுக்காதீர்கள். கடும் சூட்டில் எரிந்த உமிச் சாம்பலில் பளிங்குச் சிலிக்கா இருக்கும். அதன் தூசி நெஞ்சுக்குள் போனால் திரும்பி வராது. துணியைக் கட்டிக்கொண்டு வேலை செய்யாதீர்கள், என்95 முகமூடி போடுங்கள். தரையைக் கூட்டாதீர்கள், ஈரத் துணியால் துடையுங்கள். விறகுச் சாம்பல் கரைத்த தண்ணீர் கையைப் பொக்களமாக்கும், அதற்குக் கையுறை.

வரைகோடு · கல்லடி, நுண்கலை மாணவி

அக்கா, ஓவியப் பக்கத்திலிருந்து ஒன்று சொல்லலாமா? உங்கள் படத்தை போனில் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தேன். நீலமும் வெள்ளையும் சந்திக்கும் இடத்தில் சாடியைச் சுற்றி ஒரே நடுச் சாம்பல் நிறம்தான். நிறம் இரண்டு, ஆனால் அங்கே இருள் ஒளியில் வித்தியாசம் இல்லை. எதிரெதிர் நிறம் போட்டால் முரண் வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கண் முதலில் பிடிப்பது இருட்டையும் வெளிச்சத்தையும்தான். அதற்கடுத்தது மினுக்கமும் மங்கலும்.

எங்களுக்கு ஒரு பயிற்சி தருவார்கள்: ஒரே கறுப்பை எடுத்து, பாதியை மினுக்கமாகவும் பாதியை மங்கலாகவும் முடி. நிறம் ஒன்றுதான், ஆனாலும் இரண்டு துண்டு போலத் தெரியும். கிளேஸில் இது உங்களுக்கு இன்னும் இலகு இல்லையா?

வாவிக்கரை · கல்லடி

போனில் மாற்றிப் பார்த்தேன் தங்கச்சி. நீ சொன்னது சரி. கொஞ்சம் வயிறும் எரிந்தது.

ரசாயன_டீச்சர் · கல்முனை

இரண்டு குணங்களைப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் பாதி தீரும். ஒன்று, உருகிய கிளேஸ் எவ்வளவு கெட்டி, அதாவது பாகுத்தன்மை. மற்றது பரப்பிழுவிசை, அதாவது துளியாகச் சுருள விரும்புகிறதா, விரிந்து படர விரும்புகிறதா. சிலிக்காவும் அலுமினாவும் கூடினால் கெட்டியாகும். போரோன், சோடியம், பொட்டாசியம், லிதியம் கூடினால் இளகும். மக்னீசியமும் அலுமினாவும் பரப்பிழுவிசையைக் கூட்டும். மக்னீசியம் உள்ள டொலமைட்டோ டால்க்கோ நிறையப் போட்ட கிளேஸ் மங்கலாகி, திரண்டு, சில வேளை பாளம் பாளமாக விலகி மண்ணைக் காட்டுவது இதனால்தான். வேண்டாத இடத்தில் அது பழுது. தெரிந்தே செய்தால் நல்ல தோல்.

கோடு கோடாக இறங்க வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். அதற்கு டைட்டேனியம். நமக்குப் பக்கத்திலேயே, திருகோணமலைக்கு வடக்கே புல்மோட்டைக் கனிய மணலில் இல்மனைட், ரூட்டைல், சிர்கன் மூன்றும் உண்டு. டைட்டேனியம் உள்ள ரூட்டைலை இளகிய கிளேஸில் நூற்றுக்கு 4 முதல் 6 பங்கு போட்டால், கிளேஸ் ஆறும்போது உள்ளே நுண்பளிங்குகள் திரளும், கண்ணாடியும் இரு வகையாகப் பிரியும். ஓடிய திசையிலேயே அந்தத் திரள் இழுபட்டிருப்பதால் மயிர்க்கோடுகள் தெரியும். அடியில் கோபால்ட் நூற்றுக்கு அரைப் பங்கு இருந்தால் நீலத்துக்குள் பால் கோடுகள். இரும்பு இருந்தால் தேன் நிறக் கோடுகள். சிர்கன் நேரெதிர் வேலை செய்யும். நூற்றுக்கு 8 முதல் 10 பங்கு போட்டால் வெள்ளையாக மூடும், கிளேஸையும் இறுக்கும். ஆக, ஓடுவதும் நிற்பதும் ஒரே கடற்கரையில் கிடக்கின்றன.

மணலை அள்ளிக்கொண்டு வந்து கலந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். அது அரச நிறுவனம் எடுக்கும் கனியம், சட்டப்படி வாங்க வேண்டும். தவிரவும் மணல் பருமனில் இருக்கும் சிர்கன் கிளேஸில் கரையாமல் குறுணியாக நிற்கும், மாவாக அரைத்ததுதான் வேலைக்கு ஆகும். இல்மனைட்டை மட்டும் குறுணியாகவே போடலாம். ஒவ்வொரு மணியும் ஒரு கரும்புள்ளியாகி, ஓடும் கிளேஸில் சின்ன வால் ஒன்றையும் இழுத்துக்கொண்டு வரும்.

சிவப்புமண் · செங்கலடிப் பக்கம்

எல்லோரும் ஸ்டோன்வேர், பிரிட், ரூட்டைல் என்று கதைக்கிறீர்கள். எங்கள் வீட்டில் தலைமுறையாகச் சட்டி முட்டி வனைகிறோம். குளத்துக் களி, விறகும் வைக்கோலும் போட்ட சூளை. அந்த மண்ணை உங்கள் 1220 பாகைக்குக் கொண்டு போனால் சட்டி ஊதி, சரிந்து, சூளைத் தட்டில் ஒட்டி நிற்கும். எங்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

இன்னொன்று. கிளேஸ் இல்லாமல் அசைவு இல்லையா? சூளையிலிருந்து எடுத்த பானையைப் பாருங்கள். சுவாலை பட்ட பக்கம் செம்மஞ்சள், புகை பிடித்த பக்கம் கறுப்பு, இடையில் ஊதா மாதிரி ஒரு மங்கல். புத்தளம் பக்கம் பொம்பரிப்பில் தோண்டி எடுத்த பழைய கறுப்புச் சிவப்புப் பானைகளில் உள்ளும் வாயும் கறுப்பு, வெளியே சிவப்பு. கவிழ்த்து வைத்துச் சுட்டதால் வந்தது என்று சொல்வார்கள். ஒரு சொட்டுக் கிளேஸ் இல்லாமல் அந்த முரணை எடுத்திருக்கிறார்கள். நீங்கள் கடையில் வாங்கிய தூளில் தேடுகிறீர்கள்.

சக்கரத்தடி · அம்பாறை

தம்பி சொல்வதில் பாதிக்கு நான் கைதட்டுவேன். புகைத்திட்டு நெருப்பு போன வழியை அப்படியே காட்டும். அதற்கு ஈடு கிளேஸில் இல்லை.

மற்றப் பாதிக்கு மறுப்பு. கிளேஸ் நமக்கு அந்நியம் என்று ஒதுக்குகிறவர்கள் மன்னார்ப் பக்கம் மாந்தையில் கிடைத்த சீன ஓடுகளையும் மேற்காசிய நீலப்பச்சை ஓடுகளையும் எங்கே வைப்பார்கள்? யாழ்ப்பாணத்துக்கு அருகே அல்லைப்பிட்டியில் சோங் காலச் சீனப் பாத்திரங்கள் கிடைத்தன. ஆயிரம் வருடத்துக்கு முன்பே இந்தத் தீவுக் கரைகளில் கிளேஸ் போட்ட சாமான் இறங்கியிருக்கிறது. நம் ஆட்கள் அதைக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். தங்கள் மண்ணும் விறகும் தருகிற சூட்டுக்கு அது ஒத்து வரவில்லை, செய்யவில்லை. அவ்வளவுதான்.

ரசாயன_டீச்சர் · கல்முனை

தம்பியின் மண்ணுக்கும் வழி உண்டு. 1040 முதல் 1060 பாகைக்குள் உருகும் பிரிட் கிளேஸ். அதற்கு முன் உங்கள் களி எந்தச் சூடு வரை தாங்குகிறது என்று ஒரு சின்ன வில்லையைச் சுட்டுப் பாருங்கள்.

சிவப்பு மண்ணில் நேரே கண்ணாடிக் கிளேஸைப் பூசினால் எல்லாம் பழுப்பாகத் தெரியும். ஆகவே ஈரம் முழுதாகக் காயாத சட்டியில் வெள்ளைக் களிக் கரைசலைப் பூசி, அது இளகலாக இருக்கும்போதே விரலால் ஒரு இழுவை. வெள்ளைக்குள் சிவப்பு மண் வளைந்து எட்டிப்பார்க்கும். அதன் மேல் தெளிந்த கிளேஸ். இங்கே அசைவு நெருப்பு தருவதல்ல, கை தருவது. குறைந்த சூட்டுக் கிளேஸ் அதிகம் ஓடாவிட்டாலும் குறையில்லை.

பழைய ஆட்கள் இந்தச் சூட்டில் ஓட்டத்துக்கு ஈயத்தை நம்பினார்கள். சீனாவின் தாங் காலத்து மூவண்ணக் குதிரைச் சிலைகளில் பச்சை, தேன், வெண்மஞ்சள் மூன்றும் ஒன்றுக்குள் ஒன்று வழிந்திருப்பது ஈயக் கிளேஸ் என்பதால்தான். அவை கல்லறையில் வைக்கச் செய்தவை. சாப்பாட்டுச் சட்டிக்கு ஈயம் வேண்டவே வேண்டாம். யாராவது மலிவாகப் பொட்டலம் கொண்டு வந்தால் என்ன இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள்.

சிவப்புமண் · செங்கலடிப் பக்கம்

டீச்சர் விரல் இழுவையைச் சொன்னது பிடித்திருக்கிறது. செய்து பார்க்கலாம். ஆனால் தயிர்ச் சட்டிக்கு மட்டும் கிளேஸ் கேட்காதீர்கள். சட்டி தண்ணீரை உறிஞ்சினால்தான் எருமைத் தயிர் கட்டியாக நிற்கும். கிளேஸ் போட்ட சட்டியில் உறைந்த தயிரைக் கவிழ்த்துப் பாருங்கள், மிச்சம் தரையில்.

உமிச்சாம்பல் · சம்மாந்துறை

தம்பி, நீங்கள் வெளியில் நிற்கிற ஆள் இல்லை. உங்கள் குளத்துக் களிதான் இவர்களுக்குத் தேவை. சிவப்புக் களியில் இரும்பு தாராளம். அதைக் கரைத்து, வடித்து, பிரிட்டும் கொஞ்சம் பெல்ஸ்பாரும் சேர்த்தால் 1220இல் அதுவே பழுப்புக் கிளேஸ். கடை இரும்பு ஒக்சைட்டில் வராத ஒரு நெகிழ்வு அதில் வரும். வாவிக்கரைக்கு ஒரு வாளி கொடுங்கள்.

சிவப்புமண் · செங்கலடிப் பக்கம்

வாளி தரலாம். வந்து மிதித்துக் கொடுத்துவிட்டும் போக வேண்டும்.

வரைகோடு · கல்லடி

இரும்புக் கிளேஸ் பற்றிக் கதை வந்ததால் என்னிடம் இருக்கிற ஒரு ஓட்டைப் பற்றி எழுதுகிறேன். நிமிர்த்தி நிற்க வைத்துச் சுட்ட பரிசோதனை ஓடு, எல் வடிவம், உள்ளங்கை அளவு. பச்சையாக இருக்கும்போதே மேல் பாதியில் கத்தியால் மூன்று பட்டை சீவி, கீழ்ப் பாதியில் சீப்பால் குறுக்குக் கோடு இழுத்தது. இரும்பு நூற்றுக்கு 9 பங்கு உள்ள ஒரே கிளேஸ், ஒரே முக்கு. பட்டைகளின் முகம் கறுப்பு. பட்டைகள் சந்திக்கும் முனையில் கிளேஸ் மெலிந்து துருச் சிவப்பாகி, அதற்குள் களியின் மஞ்சளும் ஒரு மயிரளவு தெரிகிறது. கீழே சீப்புக் கோட்டுப் பள்ளங்களில் கிளேஸ் தேங்கி மைக் கறுப்பு. மேட்டில் பழுப்பு. கடைசிக் கோட்டைத் தாண்டி ஒரே ஒரு துளி இறங்கி, அடியில் கடுகளவு தடித்து நிற்கிறது. சாய்த்தால் அதில் மட்டும் வெளிச்சம் விழுகிறது.

கிளேஸ் ஒன்றுதான். நிறம் நான்கைந்து. எல்லாம் தடிப்பும் மெலிவும் செய்த வேலை. சீனத்தில் சோங் காலத்துத் தேநீர்க் கிண்ணங்களில் முயல் மயிர்க் கோடு என்று சொல்வதும் இந்த இரும்புக் கிளேஸ் விளிம்பிலிருந்து இறங்கிய கோலம்தான்.

அக்காவின் சாடிக்குத் தோளில் ஒரு மேடு கட்டினால் போதும் என்று எனக்குப் படுகிறது. கிளேஸ் அதில் மெலியும், அதற்குக் கீழே தேங்கும்.

சக்கரத்தடி · அம்பாறை

நல்ல பிள்ளை. கிளேஸ் வாளிக்குள் தேடுவதை முதலில் சக்கரத்தில் தேட வேண்டும். வனையும்போது விரல் தடத்தை ரிப் என்ற தேய்ப்புத் தகட்டால் மழித்துவிடுகிறோம், பிறகு ஆயிரக்கணக்கில் காசு கொடுத்துத் தூள் வாங்கி அதே தடத்தைத் தேடுகிறோம். அடுத்த சாடியில் தோளிலிருந்து அடி வரை விரலைச் சரிவாக இழுத்து ஒரு சுழல் தடம் விடுங்கள். கிளேஸ் நேரே கீழே விழப் பார்க்கும், தடம் அதைப் பக்கவாட்டில் இழுக்கும். அந்த இழுபறி போதும்.

சூளைக்காரன் · திருக்கோவில்

இவ்வளவு கதைத்தும் ஆறவிடுவதைப் பற்றி ஒருவரும் முழுதாகச் சொல்லவில்லை. ரூட்டைல் கோடும் இரும்பின் துருச் சிவப்பும் ஏறும்போது வருவதில்லை, இறங்கும்போது வருகின்றன. சின்னக் கரண்ட் சூளை, சுவர் மெல்லிசு, நிறுத்தின உடனே கடகடவென்று ஆறிவிடும். கிளேஸுக்குப் பளிங்கு கட்ட நேரம் கிடைக்காது. அதனால்தான் எல்லாம் ஒரே பளபளப்பு. உச்சியில் 10, 15 நிமிடம் பிடியுங்கள். 1050 வரை தானாக இறங்க விடுங்கள். அங்கிருந்து 850 வரை மணிக்கு 60, 70 பாகை என்று மெதுவாக இறக்குங்கள். அதே கிளேஸா இது என்று கேட்பீர்கள். கோபால்ட் மட்டும் போட்ட சாதாரண நீலத்தில் பெரிதாக ஒன்றும் நடக்காது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

திரையில் 1220 என்று காட்டுவதை நம்பாதீர்கள். சூடு ஏற வளையும் சின்னக் கூம்பு, அதாவது கோன் வையுங்கள். ஆறாம் இலக்கக் கோன் வளைவது சூட்டை மட்டும் பொறுத்ததல்ல, அந்தச் சூட்டில் எவ்வளவு நேரம் நின்றது என்பதையும் பொறுத்தது. கிளேஸ் ஓடுவதும் அப்படியே. பிடிக்கும் நேரத்தைக் கூட்டினால் உச்சியைக் குறையுங்கள். இல்லாவிட்டால் சாடியோடு தட்டும் சேர்ந்து வரும்.

இடையில் கரண்ட் போனால் என்ன என்று கேட்பார்கள். 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேர வெட்டு வந்த நாட்களில் கிளேஸ் சூடு போடுவதையே நிறுத்தியவர்கள் உண்டு. ஏறும் வழியில் போனால் பெரிய சேதமில்லை, திரும்பப் போடலாம். மெதுவாக இறக்கும் கட்டத்தில் போனால் மங்கல் எதிர்பார்த்த இடத்தில் மினுக்கம் வரும்.

வாவிக்கரை · கல்லடி

சூளைக்கார அண்ணன், இரண்டு கிளேஸ் மேலுக்கு மேல் வரும் இடத்தில் மட்டும் தனியாகப் போட்டதை விட அதிகம் ஓடுகிறது. பூச்சு தடிப்பதால் மட்டும்தானா?

ரசாயன_டீச்சர் · கல்முனை

அண்ணனுக்கு முன் நான் குறுக்கிடுகிறேன். தடிப்பும் ஒரு காரணம். பெரிய காரணம், இரண்டு கலவை சேர்ந்தால் மூன்றாவதாக ஒரு கலவை உண்டாகிறது. அது இரண்டையும் விடக் குறைந்த சூட்டிலேயே உருகலாம். போரோன் கூடிய ஒன்றும் கல்சியம் கூடிய ஒன்றும் சந்தித்தால் இது சாதாரணம். ஆகவே இரண்டும் சேரும் பட்டையைச் சாடியின் மேல் மூன்றில் ஒரு பங்குக்குள் வைத்திருங்கள். அதற்குக் கீழே இறுகிய கிளேஸ் மட்டும். ஓடி வருவது அங்கே வந்து வேகம் குறையும்.

இணையத்தில் கிடைக்கும் செய்முறைகளை அப்படியே போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே எழுதியிருக்கும் கயோலின் வெண்களியும் பெல்ஸ்பாரும் வேறு சுரங்கத்துப் பொருள். நமக்குக் கிடைப்பது பொரலஸ்கமுவ, மீட்டியாகொடை வெண்களியும் மாத்தளைப் பக்கத்துப் பெல்ஸ்பாருமாக இருந்தால் பொட்டாசியம், இரும்பு அளவெல்லாம் மாறும். சிலர் நூற்றுக்கு நூறு அளந்து போட்டுவிட்டு, வரவில்லை என்று செய்முறையைத் திட்டுகிறார்கள்.

சூளைக்காரன் · திருக்கோவில்

டீச்சர் சொன்னதுக்கு மேல் எனக்கு வேலையில்லை. தட்டைக் காப்பாற்றுவது மட்டும் சொல்கிறேன். அடியிலிருந்து ஒரு விரல் அகலம் கிளேஸைத் துடைத்துவிடுங்கள், ஓடுகிற கிளேஸ் என்றால் இரண்டு விரல். ஒவ்வொரு சாடிக்கும் கீழே அதே களியில் செய்து முதல் சுடல் முடித்த ஒரு வட்ட ஓடு, அதன் மேல் அலுமினாவும் கயோலினும் பாதிக்குப் பாதி கரைத்த பூச்சு. ஓடினது ஓட்டில் நிற்கும். தட்டு இப்போது விற்கிற விலைக்கு ஓடு எவ்வளவோ மலிவு.

பனைவட்டு · களுவாஞ்சிகுடி

வாசித்துக்கொண்டே வந்தேன். எனக்கு ஒரு கேள்வி. இவ்வளவு கணக்குப் போட்டு ஓட வைத்தால் அது ஓட்டமா? நெருப்பு தருவதை வாங்கிக்கொள்வதில்தானே அழகு?

சக்கரத்தடி · அம்பாறை

இந்தக் கதையை நான் எத்தனையோ கண்காட்சியில் கேட்டுவிட்டேன். நெருப்பு தந்தது என்று சொல்லி வைத்திருக்கும் சாமானில் முக்கால்வாசி நெருப்புக்கு விட்டுவிட்ட சாமான். ஜப்பானின் மஷிகோவில் ஹமாடா என்ற குயவர் அகப்பையால் கிளேஸை ஒரே வீச்சில் ஊற்றுவார். பார்க்க விநாடி வேலை. அந்த வீச்சு எங்கே தடிக்கும், எங்கே பிரியும் என்பது கைக்குத் தெரிந்திருந்ததால்தான் நெருப்புக்கு அதில் ஏதாவது செய்ய இடம் இருந்தது. ஊற்றுவதைப் பழகுங்கள். வாளியில் வெறும் தண்ணீரை வைத்து, முதல் சுடல் முடிந்த உடைந்த சாடியில் ஊற்றிப் பழகலாம், செலவே இல்லை. ஈரக் கோடு காய்வதற்குள் வீச்சின் வடிவம் தெரியும்.

பனைவட்டு · களுவாஞ்சிகுடி

சரி சேர். ஆனாலும் நான் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை.

வாவிக்கரை · கல்லடி

எல்லோருக்கும் நன்றி. அடுத்த சூட்டுக்கு இப்படி யோசிக்கிறேன், பிழை இருந்தால் சொல்லுங்கள்.

ஒரு சாடி: தோளில் மேடு, அதற்குக் கீழே சரிவான விரல் தடம், தம்பியின் களியில் செய்த பழுப்புக் கிளேஸ் மட்டும். வேறு ஒன்றும் இல்லை. இன்னொன்று: கீழே இரும்புக் கறுப்பு, கழுத்திலிருந்து தோள் வரை நானாவின் உமிச் சாம்பல் வெள்ளை, அகப்பையால் ஊற்றியது. மூன்றாவது: பழைய நீலத்தில் ரூட்டைல் 5 பங்கு, ஆனால் சாடியின் கீழ்ப் பாதியை மெழுகு பூசி வெறும் மண்ணாக விட்டுவிடுவது. நீலம் இறங்கி வந்து மண்ணில் நிற்க வேண்டும். மூன்றும் ஒரே சூட்டில், மெதுவாக இறக்குவது.

வரைகோடு · கல்லடி

மூன்றாவதில் மெழுகுக் கோட்டை நேராகப் போடாதீர்கள் அக்கா. சாய்வாகப் போடுங்கள். நேர்கோட்டில் நின்றால் யாரோ கிளேஸை வெட்டி ஒட்டினது போல இருக்கும்.

ரசாயன_டீச்சர் · கல்முனை

இரண்டாவதில் உமி வெள்ளையைக் கறுப்பு நன்றாகக் காய்ந்த பிறகு ஊற்றுங்கள், ஆனால் அடுத்த நாளைக்கு வைக்க வேண்டாம். நாள் கடந்தால் கீழ்ப் பூச்சு மேல் ஈரத்தில் ஊறிக் கழன்று, சுடும்போது சுருண்டுவிடும். தூசி, எண்ணெய்க் கை இரண்டும் அதே வேலையைச் செய்யும்.

பூச்சாடி என்பதால் உள்ளே எது பூசினாலும் பரவாயில்லை. இதே கிளேஸைக் கோப்பைக்குக் கொண்டு போனால் உள்ளே நன்றாக உருகிய, நிறமில்லாத ஒரு கிளேஸ் தனியாகப் போடுங்கள். ஓட்டத்துக்காகச் சிலிக்காவும் அலுமினாவும் குறைத்த கிளேஸ் புளியிலும் தேசிக்காயிலும் கரையக்கூடும், செம்பு இருந்தால் இன்னும் மோசம். வெட்டின தேசிக்காயைக் கவிழ்த்து ஓர் இரவு வைத்துப் பாருங்கள். நிறம் மாறினால் அந்தக் கோப்பையில் பேனை, பென்சில் வைக்கலாம். மாறாவிட்டாலும் அது முழு உத்தரவாதம் இல்லை, விற்கிற சாமான் என்றால் ஆய்வுகூடத்தில் கொடுத்துப் பார்ப்பதுதான் முறை.

சிவப்புமண் · செங்கலடிப் பக்கம்

களி எடுக்க வருகிறவர்கள் மழைக்கு முன் வாருங்கள். குளம் நிறைந்தால் தை மாசி வரை இறங்க முடியாது. நான் வெள்ளைக் களிக் கரைசல் பூசி விரலால் இழுத்த சட்டி ஒன்றை எங்கள் சூளையிலேயே வைத்திருக்கிறேன், கிளேஸ் இல்லாமல். புகை அந்த வெள்ளையில் எப்படி ஏறுகிறது என்று பார்க்க ஆசை.

சக்கரத்தடி · அம்பாறை

அதை எனக்கு விற்றுவிடு தம்பி. விலையைப் பிறகு கதைப்போம்.

உமிச்சாம்பல் · சம்மாந்துறை

சாம்பல் தேவையானவர்கள் போகம் முடிந்து மில்கள் ஓடும் நேரத்தில் வாருங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், ஜும்ஆவுக்குப் பிறகு ஆள் பிடிக்க முடியாது. சாக்கு நீங்களே கொண்டு வாருங்கள். சாம்பலுக்குக் காசு வாங்க மாட்டார்கள், சாக்குக்கு வாங்குவார்கள்.